கூலியை யாரிடம் எதிர்பார்க்கிறோம்?

மாமிக்கு (என் கணவரின் உம்மாவுக்கு) ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் செயலிழந்த பிறகு எங்கள் வீட்டின் நேரக்கணக்கே மாறிவிட்டது. ஐந்து வக்துத் தொழுகைக்கு நடுவே மாத்திரை நேரம், பிசியோதெரபி நேரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கும் நேரம் என்று நாள் துண்டு துண்டாக ஓடுகிறது. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு என்பதால் பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது மாமிக்குப் புரிகிறது. பதில் சொல்லத்தான் வார்த்தை கிடைப்பதில்லை. பெரும்பாலும் நான்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வேலையில் இறங்கிய பிறகு, நிய்யத்தும் (செயலுக்குப் பின்னால் இருக்கும் எண்ணமும்) தவக்குலும் (அல்லாஹ்வை நம்பி விளைவை அவனிடம் ஒப்படைப்பதும்) எவ்வளவு நெருக்கமானவை என்பது சின்ன வயதில் மதரசாவில் படித்ததைவிட நன்றாகப் புரிகிறது. அதை எழுதி வைக்க வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோய் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் மாமியிடம் இரண்டு வார்த்தை பேசுவார்கள். பதில் வராமல் போனதும் என்ன செய்வதென்று தெரியாமல் என் பக்கம் திரும்பிவிடுவார்கள். “மாஷா அல்லாஹ், பெத்த மககூட இப்படிப் பாக்க மாட்டா” என்பார்கள். “நீ சுவனத்தை உன் கைக்குள்ள வச்சிருக்கே” என்பார்கள். எல்லாம் அன்பில் சொல்வதுதான். ஆறுதலாகவும் இருக்கும். ஆனால் அந்த வார்த்தைகள் உள்ளே போய் உட்காரும் இடம் பத்திரமான இடம் இல்லை. பாராட்டு பழகிவிட்டால், அது வராத நாளில் அதே வேலை கனக்க ஆரம்பித்துவிடும்.

நபிமொழித் தொகுப்பான புகாரி கிரந்தத்தின் முதல் ஹதீஸை நம் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். செயல்கள் எல்லாம் எண்ணங்களைக் கொண்டே; ஒவ்வொருவருக்கும் அவர் எண்ணியதே கிடைக்கும். உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் (பள்ளிவாசல் மேடையில்) நின்று அறிவித்தது இது. வஹீ (இறைச்செய்தி) எப்படித் தொடங்கியது என்று சொல்லும் அத்தியாயத்தின் வாசலிலேயே இமாம் புகாரி இதை வைத்திருக்கிறார். அந்த ஹதீஸின் இரண்டாவது பாதியை நாம் அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை. அங்கே நபி (ஸல்) அவர்கள் உதாரணமாகச் சொன்னது சாதாரணக் காரியத்தை அல்ல, ஹிஜ்ரத்தை. வீட்டையும் சொத்தையும் சொந்தங்களையும் விட்டுவிட்டு மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன பயணம். ஒருவர் அல்லாஹ்வுக்காகவும் அவன் தூதருக்காகவும் புறப்படுகிறார். இன்னொருவர் உலக லாபத்துக்காகவோ ஒரு பெண்ணை மணப்பதற்காகவோ புறப்படுகிறார். இருவருக்கும் ஒரே பாதை, ஒரே வெயில், ஒரே களைப்பு. பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டு பேரும் முஹாஜிர்கள் (ஹிஜ்ரத் செய்தவர்கள்). அல்லாஹ்விடம் மட்டும் கணக்கு வேறு.

அவ்வளவு பெரிய தியாகத்திலேயே இந்தக் கேள்வி நிற்கிறது என்றால், தலையணையைச் சரிசெய்து வைப்பதில் நிற்காதா?

நான் எனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதற்கான கூலியை யாரிடம் எதிர்பார்க்கிறேன்? யாருக்காகச் செய்தோமோ அவரிடம்தான் மனம் கூலி கேட்டுப் போய் நிற்கும். கணவருக்காகச் செய்தால் அவர் முகத்தைப் பார்க்கும். நாத்தனார்களுக்காகச் செய்தால், போனில் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காத்திருக்கும். மாமிக்காக என்றே வைத்துக்கொண்டாலும், அவர் குணமாவதுதான் கூலி. அந்தக் கை அசையவில்லை, பேச்சு வரவில்லை என்றால் “இவ்வளவு செஞ்சும் என்ன பிரயோஜனம்” என்று ஒருநாள் வாயில் வந்துவிடும். பலனைப் பற்றிய கவலை எல்லை மீறும்போது, அந்தக் கவலையின் வேரைத் தோண்டிப் பார்த்தால் அநேகமாக நிய்யத்தில்தான் போய் முட்டும். அல்லாஹ்வுக்காக என்று மனம் ஊன்றிவிட்டால், செய்த அந்த நொடியிலேயே கணக்கு முடிந்துவிட்டது. பிறகு வருவது அவன் ஏற்பாடு. தவக்குலைத் தனியாகப் பாடுபட்டு வரவழைக்க வேண்டியதே இல்லை, பாதி அங்கேயே வந்துவிடுகிறது.

இதை நினைக்கும்போதெல்லாம் புகாரியில் வரும் யஸீத் (ரலி), மஅன் (ரலி) என்ற தகப்பன் மகன் சம்பவம் ஞாபகம் வரும். அதிகம் பேசப்படாத சம்பவம், எனக்கு ரொம்பப் பிடித்தது. யஸீத் (ரலி) தர்மம் செய்வதற்காகச் சில தீனார்களை எடுத்துப்போய்ப் பள்ளிவாசலில் ஒருவரிடம் ஒப்படைக்கிறார். அவருடைய மகன் மஅன் (ரலி) அங்கே வந்து அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறார். தகப்பனுக்கு அதிர்ச்சி. “அல்லாஹ்வின் மீது ஆணையாக, நான் உன்னை நினைத்துக் கொடுக்கவில்லை” என்கிறார். வழக்கு நபியவர்களிடம் போகிறது. அவர்கள் சொன்ன தீர்ப்பு: “யஸீதே, நீர் எண்ணியது உமக்கு. மஅனே, நீர் எடுத்தது உமக்கு.”

நான் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பணம் அவர் குறிவைத்த இடத்துக்குப் போகவில்லை. ஏழை ஒருவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டியது சொந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தத் தர்மம் வீண். ஆனால் அவர் எண்ணிய நன்மை ஒரு தீனாரளவும் குறையவில்லை. கையை விட்டுப் போன பொருள் எங்கே போய் விழும் என்பது யஸீத் (ரலி) அவர்களின் வசத்தில் இல்லை. எண்ணம் மட்டுமே அவர் வசத்தில் இருந்தது, அதுவே எழுதப்பட்டது. மாமியின் விரல்களை விரித்துவிடும்போது எனக்கு இருக்கும் தைரியம் இதுதான்.

அந்த விரல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். வலது கை எப்போதும் உள்ளே மடங்கி முஷ்டியாகவே இருக்கும். பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார்: விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்கக் கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். முழங்கைக்கும் தோளுக்கும் அடியில் கை கொடுத்துத் தாங்கித்தான் தூக்க வேண்டும். அப்புறம் மணிக்கட்டை மெல்ல வளைத்து, கட்டைவிரலை வெளியே கொண்டு வந்து, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக விரிக்க வேண்டும். விரிந்த உள்ளங்கை சில நேரம் வியர்த்திருக்கும். துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருப்பேன். விட்டதும் மறுபடியும் மடங்கிவிடும். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. பலன் கண்ணுக்குத் தெரிந்தால்தான் செய்வேன் என்றால் இந்த வேலையை ஒரு வாரம்கூடச் செய்ய முடியாது.

ஊட்டுவதும் அப்படித்தான். விழுங்கும் தசைகள் பலவீனமாக இருப்பதால் நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கச் சொல்லி, நல்ல பக்கத்துக் கன்னத்தில் சின்னக் கரண்டியால் கொடுக்க வேண்டும். விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்துக் காத்திருந்துதான் அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் புரையேறும். முடிந்த பிறகும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. ஒருநாள் இப்படிக் காத்திருக்கும்போதுதான் ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் ஹதீஸ் மனதில் வந்தது. விடைபெறும் ஹஜ்ஜின்போது மக்காவில் அவர் கடும் நோயில் படுத்துவிட்டார். இனி பிழைக்க மாட்டோம் என்று நினைத்துச் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யட்டுமா என்று கேட்டார். நபியவர்கள் மூன்றில் ஒன்றுதான் என்றார்கள், அதுவே அதிகம் என்றார்கள். பிறகு சொன்னதைக் கேளுங்கள்: அல்லாஹ்வின் திருமுகத்தை நாடி நீர் செய்யும் எந்தச் செலவுக்கும் கூலி உண்டு, உம் மனைவியின் வாயில் நீர் ஊட்டும் கவளத்துக்கும்கூட.

மரணப் படுக்கை என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருக்கும் வேளையில், சொத்தைப் பற்றிய பேச்சுக்கு நடுவில், ஒரு கவளத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். பெரிய தர்மத்தைத் தேடிய மனிதருக்கு வீட்டுக்குள் இருக்கும் நன்மையைக் காட்டுகிறார்கள். மனைவிக்கு ஊட்டுவது யாரும் வணக்கமாக எண்ணாத காரியம். அது ஆசையில் செய்வது. அதுவே அல்லாஹ்வுக்காக என்று எண்ணினால் வணக்கமாகிவிடுகிறது என்று இமாம் நவவீ இந்த இடத்தில் விளக்குகிறார். ஸஅத் (ரலி) அந்த நோயில் மவ்த்தாகவும் இல்லை. அதன் பிறகு பல்லாண்டுகள் வாழ்ந்தார், காதிஸிய்யா போரில் படையை வழிநடத்தினார். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இதுவும் தெரிந்திருப்பது நல்லது.

எங்கள் குடும்பத்தில் வயதான ஒருவர் ஒருநாள் வந்திருந்தார். மாமியை நிற்க வைக்கும் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி வலியில் முகத்தைச் சுளித்ததும் அவருக்குத் தாங்கவில்லை. “எல்லாம் அல்லாஹ்வோட நாட்டம்மா. குடுக்கணும்னு இருந்தா அவன் குடுப்பான். வயசான காலத்துல எதுக்கு இந்த வேதனை?” என்றார். இரக்கத்தில் கேட்ட கேள்வி. அவரிடம் நான் அன்னை ஹாஜரைப் பற்றித்தான் சொன்னேன்.

ஆளும் இல்லாத, தண்ணீரும் இல்லாத பள்ளத்தாக்கில் பச்சைக் குழந்தையோடு அவரை விட்டுவிட்டு இப்ராஹீம் (அலை) அவர்கள் திரும்பி நடக்கிறார்கள். ஹாஜர் பின்னாலேயே போய்த் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பதில் இல்லை. கடைசியில், “இப்படிச் செய்யச் சொல்லி அல்லாஹ்வா உங்களுக்குக் கட்டளையிட்டான்?” என்கிறார். “ஆம்” என்று பதில் வருகிறது. “அப்படியானால் அவன் எங்களைக் கைவிட மாட்டான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார். தவக்குல் என்றால் இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. இந்த வார்த்தையைச் சொன்ன அதே பெண்மணிதான், தோல்பையில் தண்ணீர் தீர்ந்து குழந்தை தாகத்தில் துடித்ததும் ஓடினார். ஸஃபா குன்றில் ஏறிப் பார்த்தார், யாரும் இல்லை. பள்ளத்தில் இறங்கி ஆடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி மர்வா குன்றில் ஏறினார், அங்கும் யாரும் இல்லை. ஏழு முறை. இன்று ஹாஜிகள் ஸயீ (இந்த இரு குன்றுகளுக்கு இடையே நடப்பது) செய்யும் அந்தத் தூரம் ஒருபக்கம் மட்டும் சுமார் 450 மீட்டர். ஏழும் சேர்ந்தால் 3 கிலோமீட்டரைத் தாண்டும். “கைவிட மாட்டான் என்று நான்தான் சொல்லிவிட்டேனே” என்று அவர் மணலில் உட்கார்ந்துவிடவில்லை.

தண்ணீர் எங்கே வந்தது? ஸஃபாவிலும் வரவில்லை, மர்வாவிலும் வரவில்லை. அவர் தேடிப் போகாத இடத்தில், குழந்தையின் பக்கத்தில் வந்தது. ஓடிய ஓட்டத்தைத் தண்ணீருக்குக் காரணமாக அல்லாஹ் ஆக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தை எத்தனை மதிப்போடு எடுத்து வைத்தான் என்றால், கியாமத் நாள் வரை ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிற ஒவ்வொருவரையும், ஆண் பெண் எல்லோரையும், அந்தத் தாயின் காலடியில் நடக்க வைத்துவிட்டான். இதைச் சொன்னதும் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மாமியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு அவரே “இன்னொரு தடவை எந்திரிங்க” என்றார்.

அல்லாஹ்வை நம்பி எதுவும் எடுத்துக்கொள்ளாமல் புறப்படுவது தவக்குல் இல்லை என்பதற்குக் குர்ஆனே சாட்சி. யமன் நாட்டவர்கள் வழிக்கு வேண்டிய உணவு இல்லாமல் ஹஜ்ஜுக்கு வருவார்களாம், “நாங்கள் தவக்குல் வைத்தவர்கள்” என்பார்களாம், மக்காவுக்கு வந்ததும் மக்களிடம் கேட்டு நிற்பார்களாம். அப்போதுதான் ‘பயணத்துக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்ற வசனம் (2:197) இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொல்கிறார்கள்.

பெரியவரின் தடுமாற்றம் ஒரு வகை என்றால், என் கணவருடையது அதற்கு நேர் எதிர். அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஃபைலில் வைத்திருக்கிறார், டாக்டர் சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் இரவில் தூக்கம் இல்லை. போனில் ஸ்ட்ரோக் பற்றிப் படித்துக்கொண்டே இருப்பார். “அன்னைக்கு உம்மா கை மரத்துப்போகுதுன்னு சொன்னப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா...” என்று ஆரம்பிப்பார். அந்த வாக்கியம் எத்தனை இரவுகள் எங்கள் அறையில் சுற்றி வந்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று உண்டு. உனக்குப் பயனளிப்பதில் ஆர்வம் காட்டு, அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாமல் உட்கார்ந்துவிடாதே. உனக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் ‘நான் இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே’ என்று சொல்லாதே. அல்லாஹ் விதித்தான், அவன் நாடியதைச் செய்தான் என்று சொல். ஏனென்றால் அந்த ‘இருந்தால்’ ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்துவிடும். இந்த வரிசையைக் கவனித்துப் பார்த்தேன். முயற்சி முதலில் வருகிறது, உதவி தேடுவது அதனோடு சேர்ந்தே வருகிறது, ‘இருந்தால்’ என்பதைத் தடுப்பது கடைசியில், எல்லாம் நடந்து முடிந்த பிறகு வருகிறது. நடப்பதற்கு முன்னால் ஆயிரம் ‘இருந்தால்’ யோசிக்கலாம், அது திட்டமிடல். நடந்த பிறகு அதே சொல் மனிதனை அரிக்கிறது. கணவரிடம் இதை நான் பாடமாக எடுத்துச் சொல்லவில்லை. ஒருநாள் ஹதீஸை மட்டும் வாசித்துக் காட்டினேன். அவர் அதை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார். பக்கத்திலேயே அபூதாவூத் தொகுப்பில் வரும் ஒரு துஆவையும் எழுதியிருக்கிறார், துன்பத்தில் இருப்பவருக்கு நபியவர்கள் கற்றுத்தந்தது: “யா அல்லாஹ், உன் ரஹ்மத்தையே ஆதரவு வைக்கிறேன். கண் இமைக்கும் நேரம்கூட என்னை என்னிடமே ஒப்படைத்துவிடாதே. என் காரியங்கள் அனைத்தையும் சீராக்கி வை.” இப்போதும் சில இரவுகள் விழித்திருக்கிறார். ஆனால் போன் கையில் இருப்பதில்லை, தஸ்பீஹ் இருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து மாமியை நேராக வீட்டுக்குக் கூட்டி வருவதா, மறுவாழ்வு மையத்தில் கொஞ்சக் காலம் வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தபோது குடும்பமே கூடி மஷூரா (கலந்தாலோசனை) செய்தது. டாக்டர்களிடம் கேட்டோம். பிள்ளைகள் நாலு பேரும் ஆளுக்கொரு கருத்து சொன்னார்கள். இஸ்திகாரா (எது நல்லதோ அதை நாடும்படி அல்லாஹ்விடம் கேட்கும் தொழுகை) தொழுதோம். இஸ்திகாரா தொழுதால் கனவு வரும், ஏதாவது அடையாளம் தெரியும் என்று சிலர் காத்திருப்பார்கள். அந்த துஆவின் வாசகத்தில் அப்படி எதுவும் இல்லை. ‘நன்மை எங்கே இருந்தாலும் அதை எனக்கு விதித்துவிடு, பிறகு அதில் என்னைத் திருப்தியடையச் செய்’ என்றுதான் முடிகிறது. அந்தக் கடைசி வேண்டுதல் இல்லாமல் முன்னது மட்டும் இருந்தால் மனிதன் தாங்க மாட்டான். வீடு என்று முடிவானது. முடிவானதும் மறுபடி அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ‘முடிவு செய்துவிட்டால் அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள்’ என்ற வசனம் (3:159) உஹுத் போருக்குப் பிறகு இறங்கியது. மஷூரா செய்து எடுத்த முடிவின்படிதான் நகரத்தை விட்டு வெளியே போய்ப் போரிட்டார்கள், பெரும் இழப்பு வந்தது. அதற்குப் பிறகும் ‘அவர்களிடம் ஆலோசனை கேளுங்கள்’ என்றே அல்லாஹ் சொல்கிறான். விளைவு கசந்ததால் வழிமுறை தவறாகிவிடவில்லை.

இனி மாமியைப் பற்றி. இதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க எனக்கு மனம் வராது.

அவருக்கு மகன் பெயர் வராது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராது. கையை நீட்டிக் காட்டுவார், வாயைத் திறப்பார், ஏதோ ஒரு சத்தம் வரும், கண்ணில் நீர் முட்டும். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து நான் அல்ஹம்து சூரா ஓதிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வசனத்தில் இன்னொரு குரல் சேர்ந்தது. மாமி ஓதினார். ஒரு சொல் விடாமல், கடைசி ஆமீன் வரை ஓதினார். ஓதி முடித்துவிட்டு என்னிடம் ஏதோ சொல்ல முயன்றார், மறுபடி வார்த்தை இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் கேட்டேன். இந்த நோயில் இப்படி நடப்பது உண்டு என்றார். நாமாக யோசித்து வார்த்தை தேடிப் பேசுவது ஒன்று, ஆண்டாண்டு காலமாக நாவில் ஊறிய வேண்டுதல், எண்ணிக்கை, பாட்டு போன்றவை தன்னால் வருவது வேறு. முதலாவது போனாலும் இரண்டாவது சிலருக்கு மிஞ்சும். காரணம் புரிந்தது. புரிந்த பிறகும் எனக்கு அழுகை நிற்கவில்லை. ஒரு ஆயுள் முழுக்க யாரும் பார்க்காத நேரத்தில் ஓதியது இது.

மாமி தஹஜ்ஜுதை (பின்னிரவுத் தொழுகையை) விடாதவர். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், எல்லோரும் தூங்கும்போது முஸல்லாவை (தொழுகை விரிப்பை) விரித்துவிடுவார். விளக்கைக்கூடப் போட மாட்டார். இப்போது நின்று தொழ முடியாது. படுத்தபடி சைகையால் ஃபர்ளை (கடமைத் தொழுகையை) நிறைவேற்றுவதற்கே நாங்கள் உதவ வேண்டியிருக்கிறது. இரவில் விழித்துக்கொண்டு முஸல்லா இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது அபூமூஸா (ரலி) அறிவித்த ஹதீஸை அவர் காதில் சொல்வேன்: ஓர் அடியார் நோயுற்றால், அல்லது பயணத்தில் இருந்தால், ஆரோக்கியத்தோடும் ஊரிலும் இருந்தபோது செய்துவந்த அமலுக்கான (நற்செயலுக்கான) நன்மை அவருக்கு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். “உங்க தஹஜ்ஜுது இன்னும் நடந்துக்கிட்டேதான் இருக்கு மாமி” என்பேன். புரிந்தது என்று கண்ணை மூடித் திறப்பார்.

தபூக் போர்ப் பயணத்தில் நபியவர்கள் சொன்னதும் இதே இனம்தான். ‘மதீனாவில் சிலர் இருக்கிறார்கள், நீங்கள் எந்தப் பள்ளத்தாக்கைக் கடந்தாலும் அவர்கள் உங்களோடு இருக்கிறார்கள்.’ மதீனாவில் இருந்துகொண்டேவா என்று தோழர்கள் கேட்டார்கள். ஆம், தக்க காரணம் அவர்களைத் தடுத்துவிட்டது என்றார்கள். உடல் வீட்டில், நன்மை பாதையில். எண்ணத்துக்கு இருக்கும் பலம் அது.

பாராட்டைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னதில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. மாமி முதல் முறை எழுந்து நின்றபோது என் மகன் வீடியோ எடுத்தான், ஸ்டேட்டஸில் போடலாமா என்று கேட்டான். “பெரியம்மாவுக்கும் அத்தைமாருக்கும் மட்டும் அனுப்பு, அவங்கதான் ஏங்கிக்கிட்டு இருக்காங்க” என்றேன். அதே சமயம், ரியா (பிறர் பார்க்க வேண்டும் என்று செய்யும் எண்ணம்) வந்துவிடுமோ என்று பயந்து விருந்தாளிகள் இருக்கும்போது மாமிக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடுவதும் இல்லை. மக்களுக்காக ஓர் அமலை விடுவதும் ரியாதான் என்று முற்கால அறிஞர் ஃபுளைல் பின் இயாள் (ரஹ்) சொன்னதாகப் படித்திருக்கிறேன். மாத்திரை நேரம் என்றால் மாத்திரை நேரம், யார் இருந்தாலும் சரி. அல்லாஹ்வுக்காகத் தொடங்கிய காரியத்தின் நடுவில் ஓர் எண்ணம் வந்து எட்டிப்பார்த்தால், அதை விரட்டிவிட்டுத் தொடர்வதால் அமல் பாழாகாது என்று அறிஞர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பாராட்டுகிறவர்களிடம் “துஆ செய்யுங்க” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறேன். இரவில் அலாரம் அடித்து எழுந்து பக்கம் மாற்றும் வேலைக்குத்தான் சாட்சி யாரும் இல்லை. அந்த வேலை எனக்கு ரொம்பப் பிரியமானது.

என்னைப் போலவே வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சகோதரி கேட்டார்: “சலிப்பு வருது, சில நாள் முகம் சுருங்குது. அப்ப என் நிய்யத் போயிருச்சா?” சலிப்பு உடம்பினுடையது, நிய்யத் உள்ளத்தினுடையது. ஆயிஷா (ரலி) அவர்களிடம் அவர்களுடைய உம்ராவைப் பற்றிப் பேசும்போது, உன் கூலி உன் சிரமத்தின் அளவுக்கு என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். களைப்பே வராத வேலைக்கு இந்த வார்த்தை வந்திருக்காது. அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன இன்னொன்று: வாரத்தில் ஒரு வேளையாவது வேறு ஒருவரை நோயாளிக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு நன்றாகத் தூங்குங்கள். அந்தத் தூக்கத்துக்கும் நிய்யத் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுப் பயிற்சியில் அடுத்த கட்டமாகப் படங்களைக் காட்டிப் பெயர் சொல்ல வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மகன் அட்டைகளில் வரைந்துகொண்டிருக்கிறான். கண்ணாடி, போர்வை, கடிகாரம், தண்ணீர்க் குவளை என்று மாமிக்கு அன்றாடம் வேண்டியவையாகப் பார்த்து எடுத்திருக்கிறோம். வரும் வாரம் மறுபரிசோதனையும் இருக்கிறது. படிக்கிறவர்கள் மாமியின் பூரண ஷிஃபாவுக்கும் (குணத்துக்கும்) பேச்சு திரும்புவதற்கும் துஆ செய்யுங்கள். எங்கள் எல்லோருடைய நிய்யத்துக்காகவும் சேர்த்துக் கேளுங்கள்.